கரடியின் கை

பணகுடிக்குக் கிழக்கே
நாலாவது காற்றாலை தாண்டி இடப்பக்கம் என்று
ஜெபக்கனி டீச்சர் போனில் சொல்லியிருந்தார்.
காற்றாலையை எண்ணி வழி சொல்கிறவர்கள்
எங்கள் பக்கத்தில்தான் இருக்கிறார்கள்.
ஆனி மாதம்.
ஸ்கூட்டர் நேராகப் போவதற்கே
ஹேண்டில்பாரைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும்.
முதுகில் புரொஜெக்டர், காலிடையில் ஸ்பீக்கர்,
சட்டைப் பையில் நகமளவு பென்டிரைவில்
பதினொரு நாட்டுப் படங்கள்.
ஆக நீளமானது ஏழு நிமிஷம்.
ஆகக் குட்டி, ஒரு முறுக்கு தின்று முடிக்கும் நேரம்.

அங்கன்வாடியில் பிள்ளைகள் இருபத்திமூன்று.
ஜன்னலுக்குச் சாக்கு.
திரைக்கு ஆயா அந்தோணியம்மாள் வீட்டிலிருந்து வேட்டி,
கரையை மடித்து ஊக்கு குத்தி.
"ரெண்டு மணிக்குள்ள தந்துரணும்,
அவ்வோ கல்யாண வீட்டுக்குப் போறாவ."

முதல் படத்தில் பனி.
வெள்ளையாய், சத்தமில்லாமல், நிற்காமல்.
"உப்பு" என்றான் ரூபன்.
"உப்பு மேல இருந்தா விழும்? சோறுல" என்றாள் ரிஃபாயா.
திருத்துவதற்கு வாயைத் திறந்தேன்.
பனியை நானும் கண்டதில்லை. மூடிக்கொண்டேன்.

அடுத்தது, ஒரு நீலக் கோடும் ஒரு மஞ்சள் கோடும்
சண்டை போட்டு முடிச்சாகிப்போகிற படம்.
மூன்று வயசுக்காரர்கள் உருண்டு சிரித்தார்கள்.
சிரிப்பு எங்கே இருக்கிறதென்று
எனக்கும் டீச்சருக்கும் கடைசிவரை பிடிபடவில்லை.

கொரியாவிலிருந்து வந்த படத்தில்
நாணலுக்குள் வழி தவறிய வாத்துக் குஞ்சு
"அப்பா" என்றது.
அந்த ஊரிலும் அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.
இருபத்திமூன்று தலையும்
திரையை விட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தன.
யாரும் இல்லை.
காற்றுதான் கதவைத் தள்ளிக்கொண்டிருந்தது.

அப்புறம் கரடி.
ஏதோ குளிர் நாட்டில் களிமண்ணில் செய்தது.
செய்தவரின் கட்டைவிரல் ரேகை
அதன் கன்னத்தில் பெரிதாகத் தெரிந்தது.
பேச்சே கிடையாது.
ஆற்றுக்கு அக்கரையில் நரி, இக்கரையில் கரடி,
பாலம் இல்லை.
வேட்டிக்குள் காற்று புகுந்ததில்
கரடிக்கு வயிறு உப்பியது, வடிந்தது, உப்பியது.
எடுத்தவர்கள் கொடுக்காத மூச்சு.
பைய எழுந்தது கரடி.
நரியைப் பார்த்துக் கையைத் தூக்கியது.

கரண்ட் போய்விட்டது.

வெளியே
கண்ணுக்கெட்டிய மட்டும் இறக்கைகள்
எந்த ஊர் விளக்குக்கோ சுற்றிக்கொண்டிருந்தன.
அரை மணி நேரம் காத்திருந்தோம்.
முட்டையும் சோறும் வந்தது, பின்னாலேயே தூக்கம்.
வேட்டி கல்யாணத்துக்குப் போனது.

படிவத்தில் ஒரு கட்டம்: கற்றல் விளைவு.
'நிறங்கள், விலங்குகள், நட்பு' என்று எழுதிக்
கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.
எல்லா ஊரிலும் அதைத்தான் எழுதுவேன்.

பத்து நாள் கழித்து
வள்ளியூர் பஸ் நிலையத்தில், டீக்கடை வாசலில்,
யாரோ என் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள்.
முப்பிடாதி.
அன்றைக்கு ஒரு வார்த்தை பேசாதவள்.
நரி எங்கே போகிறதென்று
வேட்டிக்குப் பின்னால் மூன்று தடவை போய்ப் பார்த்தவள்.
"கரடி கைய எறக்கிட்டுதா?"
முடிவு எனக்குத் தெரியும்.
"இன்னும் இல்லம்மா" என்றேன்.
"அதுக்கு வலிக்காதா?"

அதற்குள் அவள் அம்மா வந்து
"யாருட்டி இது" என்று
என்னையும் அவளையும் ஒருசேர முறைத்து,
நகர ஆரம்பித்த பஸ்ஸில் தூக்கிப் போட்டு ஏறிவிட்டாள்.
ஜன்னலில் ஒரு சின்னக் கை உயர்ந்தது.
டாட்டாவா, கரடிக்குத் துணையா, தெரியவில்லை.
நானும் தூக்கினேன்.

"டீ ஆறுது சார்."
"இருக்கட்டும் அண்ணாச்சி."